அலங்கார சோப்பில் ரோஜா இதழ் ஏன் கறுக்கிறது? உருக்கி ஊற்றினால் அது சோப்புதானா?

நீங்கள் எழுதியிருப்பது இது. 9 வயது மகளோடு சேர்ந்து விடுமுறையில் சோப்பு செய்தீர்கள். ஆன்லைனில் வாங்கிய சோப்புக் கட்டியை உருக்கி, கேக்கில் கலக்கும் சிவப்பு நிறம் போட்டு ஓர் அடுக்கு, அதன்மேல் வெள்ளையாக ஓர் அடுக்கு, அதற்கும் மேலே தோட்டத்து ரோஜா இதழ்கள். அச்சிலிருந்து எடுத்த அன்று கண்ணைப் பறித்தது. இரண்டு வாரத்தில் இதழ்கள் கறுத்து, சிவப்பு வெள்ளைக்குள் இறங்கி, சோப்பு முழுக்க முத்து முத்தாக வேர்க்கிறது. ஏன் இப்படி ஆனது, காஸ்டிக் சோடாவில் செய்வதுதான் நிஜ சோப்பு என்று ஒருவர் சொன்னது சரியா, நவராத்திரிக்குத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது: அழகுக்காக ஒன்றைச் சோப்புக்குள் வைத்தால் அது அப்படியே நிற்க என்ன வழி?

நான் படித்தது வேதியியல், ஆறு வருடம் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். அப்புறம் 11 வருடமாகச் சென்னையில் என் வீட்டுச் சமையலறையில் சோப்பு செய்கிறேன், கோடை விடுமுறையில் குழந்தைகளுக்குச் சொல்லியும் தருகிறேன். கீழே சொல்வதில் வேதியியல் சம்பந்தப்பட்டதை உறுதியாகச் சொல்கிறேன். நேரம், சூடு எல்லாம் என் வீட்டில் நான் பார்த்த கணக்கு, உங்கள் ஊரின் வெயிலுக்கும் ஈரக்காற்றுக்கும் கொஞ்சம் முன்பின் ஆகும். தோல் நோய் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். குழந்தைக்கு ஏற்கெனவே கரப்பான், அரிப்பு இருந்தால் எந்த சோப்பு ஒத்துக்கொள்ளும் என்பதைத் தோல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நிஜ சோப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். உலகத்தில் எந்த சோப்பும் காரம் இல்லாமல் பிறப்பதில்லை. எண்ணெயும் காஸ்டிக் சோடாக் கரைசலும் சேர்ந்து வினைபுரிந்தால் ஒரு பக்கம் சோப்பு, இன்னொரு பக்கம் கிளிசரின். வினை சரியாக முடிந்துவிட்டால் காஸ்டிக் சோடா என்று தனியாக எதுவும் மிஞ்சாது. நீங்கள் வாங்கிய கட்டியிலும் இதே வேலை தொழிற்சாலையில் நடந்து முடிந்திருக்கிறது. திரும்ப உருகுவதற்காகவும் கண்ணாடி மாதிரித் தெரிவதற்காகவும் கூடுதல் கிளிசரின், சர்க்கரைக் கரைசல் போன்றவற்றைச் சேர்த்திருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சில கட்டிகள் சோப்பே இல்லாமல் செயற்கை நுரைப்பொருள்களால் ஆனவை, அதனால் வாங்கும்போது உள்ளடக்கப் பட்டியலைப் படித்துவிடுங்கள். மாவைக் கடையில் வாங்கி வார்த்தாலும் இட்லி இட்லிதானே. உங்கள் மகள் செய்தது சோப்புதான்.

9 வயதுக் குழந்தையோடு செய்வதற்கு இந்த உருக்கி ஊற்றும் முறைதான் சரி என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போட்ட சில நொடியில் பாத்திரம் கைவைக்க முடியாத அளவுக்குக் கொதித்து, மூக்கைக் குத்தும் ஆவி கிளம்பும். அதில் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அலுமினியப் பாத்திரத்தோடு அது வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். நான் தொடங்கிய வருடம் அவசரத்தில் ஓர் அலுமினியக் கரண்டியை உள்ளே விட்டுவிட்டேன். கரண்டி கறுத்து, கரைசல் பொங்கி மேடையில் வழிந்தது. கையுறையும் கண்ணாடியும் போட்டிருந்ததால் தப்பித்தேன். இன்னொன்று, காஸ்டிக் சோடா முறையில் ஒவ்வொரு எண்ணெய்க்கும் காரத்தின் அளவு வேறு. 1 கிலோ தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா தேவைப்படும், 1 கிலோ ஆலிவ் எண்ணெய்க்கு 135 கிராமே போதும். வீடியோவில் தேங்காய் எண்ணெய்க்குச் சொன்ன அளவை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணெயை மட்டும் மாற்றினால் வினைபுரியாத காரம் சோப்பிலேயே தங்கித் தோலை எரிக்கும். எப்போதாவது நீங்கள் மட்டும் தனியாக முயற்சி செய்வதாக இருந்தால் கிராம் தராசு இல்லாமல் இறங்காதீர்கள். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவின் மேல் ஊற்றக் கூடாது. குழந்தை அந்த அறைப் பக்கமே வரக் கூடாது. செய்து முடித்த பிறகும் நான்கிலிருந்து ஆறு வாரம் காற்றாட வைத்துத்தான் தேய்க்க வேண்டும். காத்திருக்கும் பொறுமை எந்தக் குழந்தைக்கும் கிடையாது. அச்சில் ஊற்றிய அன்றைக்கே எடுத்துப் பார்க்க வேண்டும் அதற்கு.

இப்போது ரோஜாவுக்கு வருகிறேன். சோப்பு காரத்தன்மை உள்ளது, அதுவும் ஈரத்தோடு. இந்த இரண்டையும் தாங்காத எதுவும் அதற்குள் நிலைக்காது. பச்சை இதழில் தண்ணீர் இருக்கிறது, அது அழுகும், பூஞ்சை பிடிக்கும். நிழலில் உலர்த்திய ரோஜா இதழ்கூட சில நாளில் பழுப்பாகி, ஊறிப்போன தேயிலை மாதிரித் தெரியும். நீங்கள் செய்தது மட்டும் கெட்டுவிடவில்லை, யார் வைத்தாலும் அப்படித்தான் ஆகும். படங்களில் பார்க்கும் ரோஜா சோப்பு பெரும்பாலும் செய்த அன்றே எடுத்த படமாகத்தான் இருக்கும். செம்பருத்தி, சங்குப்பூ, பீட்ரூட் எல்லாமே இப்படித்தான். அவற்றின் சிவப்பும் நீலமும் காரம் பட்டதும் பச்சையாகவோ அழுக்கு மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறிவிடும். மஞ்சள்தூள் என்ன செய்யும் என்பது நமக்குப் புதிதே இல்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறதே, அதே காரணம்தான். காஸ்டிக் சோடா முறையில் மஞ்சள் முதலில் செங்கல் நிறத்துக்குப் போய்ப் பிறகு மெல்ல ஆரஞ்சாகத் தெளியும். உருக்கி ஊற்றுவதில் காரம் குறைவு என்பதால் கொஞ்சம் ஆரஞ்சு சாய்ந்த மஞ்சளாக நிற்கும். ஆனால் ஜன்னல் ஓரம் வைத்தால் வெளுத்துவிடும். என் வகுப்பில் குழந்தைகளுக்கு இதைத்தான் முதலில் காட்டுவேன், ஒரு கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீர், அதில் ஒரு துண்டு சோப்பு. அது சிவக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் எதை வைப்பது? எனக்குப் பிடித்த விடை வெட்டிவேர். ஏற்கெனவே பழுப்பாக இருப்பது இனிமேல் பழுப்பாகப் போவதில்லை. நன்றாக அலசிக் காயவைத்த வெட்டிவேரை விரல் நீளத்துக்கு நறுக்கி, கண்ணாடி மாதிரியான கட்டியை உருக்கி அதில் போட்டுப் பாருங்கள், மரக்கிளை நிழல் தண்ணீருக்குள் விழுந்தது போல இருக்கும். முற்றிக் காய்ந்த பீர்க்கங்கூட்டை வட்டமாக வெட்டி அச்சில் வைத்து, மேலே சோப்பை ஊற்றினால் அந்த நார்வலை அப்படியே பூவேலைப்பாடாகத் தெரியும், தேய்த்துக் குளிக்கவும் உதவும். பூதான் வேண்டும் என்றால் காலெண்டுலா என்ற பெயரில் கிடைக்கும் உலர்ந்த மஞ்சள் இதழ், சோப்புக்குள் நிறம் மாறாமல் நிற்கும் மிகச் சில பூக்களில் ஒன்று. காப்பித்தூள், கரித்தூள், முல்தானி மட்டி இவையும் நிறம் மாறாது. குழந்தைகள் துள்ளிக் குதிப்பது வேறொன்றுக்கு: கண்ணாடி சோப்புக்குள் ஒரு குட்டி பிளாஸ்டிக் டைனோசரையோ மீனையோ வைத்துவிடுவது. அதை வெளியே எடுக்க வேண்டும் என்றே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கை கழுவுவார்கள். வீட்டில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் மட்டும் இது வேண்டாம், பொம்மை வெளியே வந்ததும் நேரே வாய்க்குப் போகும்.

நிறம் கலந்ததற்குக் காரணம் அந்த கேக் நிறம். அது தண்ணீரில் கரையும் சாயம். புதுச் சுங்குடிச் சேலையை வெள்ளை வேட்டியோடு சேர்த்து ஊறவைத்தால் என்ன ஆகுமோ அதுதான் உங்கள் இரண்டு அடுக்குக்கும் நடந்தது, ஊறும் தண்ணீருக்குப் பதில் சோப்புக்குள் இருக்கும் ஈரம். ஒரே நிறத்தில் முழு சோப்பும் செய்தால் உணவு நிறம் போதும். அடுக்கு, கோடு, சுழி என்று போனால் கரையாமல் துகளாகவே நிற்கும் நிறம் வேண்டும். அழகுசாதனத் தரத்து மைக்கா என்ற பளபளக்கும் கனிமத்தூள், அல்லது இரும்பு ஆக்சைடு. வெள்ளைக்கு டைட்டானியம் டைஆக்சைடு. அரைக் கிலோ கட்டிக்கு அரை டீஸ்பூன் மைக்காவே தாராளம். நேராகக் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும், அதனால் ஒரு ஸ்பூன் கிளிசரினில் முதலில் குழைத்துக்கொள்ளுங்கள், குங்குமம் குழைக்கிற பதத்தில். கைவினைக் கடையில் கிடைக்கும் ஜிகினாத்தூளைப் போடாதீர்கள், அது தோலைக் கீறும், கண்ணுக்குள் போனால் ஆபத்து. வாசனைக்கு 500 கிராமுக்கு 10 மில்லிக்கு மேல் போக வேண்டாம், குழந்தைக்கான சோப்பென்றால் 5 மில்லி போதும். கிராம்பு எண்ணெயும் பட்டை எண்ணெயும் தோலை எரிக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். வெனிலா வாசனை போட்டால் வெள்ளை சோப்பு சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் காப்பி நிறமாகிவிடும். அது தெரியாமல் வெள்ளை மேகம் செய்யப் போய் ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுக்கு ஊற்றுவதில்தான் கைத்திறமை இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கட்டியை மைசூர்பாகுத் துண்டு அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் சுட்டதும் அடுப்பைத் தணித்து, அதற்குள் சின்னப் பாத்திரத்தை வைத்து உருக்க வேண்டும். மைக்ரோவேவ் என்றால் 30 நொடி, ஒரு கிளறு, திரும்பவும் 30 நொடி. கொதிக்கவே கூடாது. 70 டிகிரி தாண்டினால் தண்ணீர் வற்றி, மஞ்சளடித்து, தீய்ந்த வாடை வரும். முதல் அடுக்கை ஊற்றியதும் மேலே நுரைக்குமிழி கிளம்பும், அதன்மேல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மெல்லத் தெளித்தால் சட்டென்று அடங்கிவிடும். அது தீப்பற்றும் பொருள், அடுப்பை அணைத்துவிட்டு அடுத்த மேசைக்கு வந்து தெளியுங்கள், இந்த ஒரு வேலை பெரியவர்களுடையது. பிறகு காத்திருக்க வேண்டும். பால் ஆறும்போது ஆடை படிகிறதே, அதேபோல மேற்பரப்பில் ஒரு தோல் கட்டும். அச்சை லேசாகச் சாய்த்தால் உள்ளே திரவம் ஆடும், மேல்தோல் ஆடாது. விரல் நுனியால் தொட்டால் ஒட்டாமல் குழி மட்டும் விழும். ஒரு சென்டிமீட்டர் அடுக்குக்கு என் வீட்டில் எட்டுப் பத்து நிமிடம் ஆகிறது, மின்விசிறிக்குக் கீழே வைத்தால் இன்னும் சீக்கிரம். அந்தப் பதத்தில் மறுபடியும் ஆல்கஹால் தெளித்து, இரண்டாவது அடுக்கை 50 டிகிரி வாக்கில், ஒரு கரண்டியின் முதுகில் விழவைத்து மெதுவாக வழியவிட வேண்டும். சூடு அதிகமானால் கீழடுக்கைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். கீழடுக்கு முழுக்க ஆறிப்போயிருந்தால் இரண்டும் பிடிக்காது, வெட்டும்போது வாழைமட்டை உரிகிற மாதிரி தனித்தனியாக வந்துவிடும். செலவுக்குப் பயந்து வெப்பமானி வாங்காமல் இருக்காதீர்கள். வெட்டிவேர், இதழ் எதுவாக இருந்தாலும் சோப்பு கொஞ்சம் கெட்டிப்பட்ட பிறகு கலந்தால்தான் நடுவில் நிற்கும், தண்ணீராக இருக்கும்போது போட்டால் எல்லாம் மேலே போய் மிதக்கும்.

வேர்ப்பது பற்றி நீங்கள் ரொம்பக் கவலைப்பட்டிருக்கிறீர்கள், அது கெட்டுப்போனதன் அடையாளமே இல்லை. கிளிசரின் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். கட்டியில் அது தாராளமாக இருக்கிறது, நம் கடற்கரை ஊர்க் காற்றிலும் ஈரத்துக்குக் குறைவில்லை. ஐப்பசி அடைமழை சமயத்தில் நான் செய்வதும் வேர்க்கும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்திருந்தீர்கள் என்றால் அது இன்னும் மோசமாக்கியிருக்கும், குளிர்ந்த சோப்பை வெளியே எடுத்ததும் ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வேர்ப்பது போலத்தான். அச்சிலிருந்து எடுத்த சில மணி நேரத்துக்குள் ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் இறுக்கிச் சுற்றிவிடுங்கள். இது ஒன்றுதான் நம்பகமான வழி. வேர்வை குறைவான கட்டி என்று தனியாகவும் விற்கிறார்கள், குறைவு என்பது உண்மை, அறவே இல்லை என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கொலுவுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். லட்டு, ஜிலேபி, ஐஸ்கிரீம் வடிவத்தில் சோப்பு செய்து தாம்பூலப் பையில் போடாதீர்கள். அதே பையில் சுண்டலும் இனிப்பும் இருக்கும், வீட்டுக்குப் போனதும் பையைக் கவிழ்ப்பது குழந்தைதான். உணவு போலத் தோன்றி ஏமாற்றும் பொருள்களின் விற்பனைக்கு எதிராக ஐரோப்பிய நாடுகள் 1987-லேயே உத்தரவு போட்டது இந்த ஆபத்துக்காகத்தான். இரண்டாவது, என்னென்ன சேர்த்தீர்கள், என்று செய்தீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள், வாங்குபவர்களில் யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று நமக்குத் தெரியாது. சோப்பின் வாசனை வெற்றிலையிலும் சுண்டலிலும் ஏறாமல் இருக்கத் தனி உறையில் வையுங்கள். பரிசாகக் கொடுப்பதோடு நிறுத்தாமல் விற்பதாக இருந்தால் கதை வேறு, 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி தயாரிப்புக்கு உரிமம் வாங்க வேண்டும். அப்புறம், வேப்பிலைத்தூள் போட்டதால் பரு போகும், குப்பைமேனி போட்டதால் தேமல் மறையும் என்று சீட்டில் எழுதாதீர்கள். அரை நிமிடம் தேய்த்து அலசிவிடுகிற ஒன்று அப்படிக் குணமாக்கும் என்று சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை. நல்ல வாசனையாக, பார்க்க அழகாக இருக்கும், அழுக்குப் போகும்.

மகளுக்கு அடுப்பே இல்லாத வேலை வேண்டுமென்றால் இன்னொன்று சொல்கிறேன். கடையில் வாங்கிய 100 கிராம் குளியல் சோப்பைக் கேரட் துருவியில் துருவி, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துச் சப்பாத்தி மாவு மாதிரி பிசையச் சொல்லுங்கள். போதவில்லை என்றால் இன்னும் சில சொட்டு. உருட்டலாம், முறுக்கலாம், கொழுக்கட்டை அச்சில் அழுத்திப் பூவாக எடுக்கலாம், நான்கைந்து நாள் நிழலில் காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். இதையே அடுப்பில் உருக்கப் பார்க்காதீர்கள், குளியல் சோப்பு தண்ணீராக உருகாது, திரிந்த பால் மாதிரிக் கட்டியாக நிற்கும். சோப்பை அழகுப்பொருள் ஆக்குவது நம் வீடுகளில் பழைய பழக்கம்தான். என் அம்மா ஒரு முழு சோப்பைச் சுற்றிக் குண்டூசி குத்தி, சாட்டின் ரிப்பனை ஊசிக்கு ஊசி பின்னி, முத்து கோத்துக் கைப்பிடி வைத்துக் கூடை செய்வார். எங்கள் ஷோகேஸில் தஞ்சாவூர்ப் பொம்மைக்குப் பக்கத்தில் அது பல வருடம் இருந்தது. கதவைத் திறந்தால் இன்னும் லேசாக வாசனை வரும்.

இப்போது கையில் இருக்கும் அந்தச் சோப்புகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இதழ் ஒட்டியிருக்கும் மேல்பகுதியை ஒரு சென்டிமீட்டருக்குச் சீவி எறிந்துவிடுங்கள், அதில் பூஞ்சை இருக்கலாம். கீழே இருக்கும் பகுதியிலும் கறுப்புப் புள்ளியோ கெட்ட வாடையோ இருந்தால் அந்தத் துண்டு வேண்டாம். சுத்தமாக இருப்பதை எல்லாம் சேர்த்து உருக்கினால் சிவப்பும் வெள்ளையும் கலந்து ஒரே ரோஜா நிறமாகும், இனி அந்த நிறம் ஓடுவதற்கு வேறு இடமில்லை. கொஞ்சம் வெட்டிவேரைக் கலந்து மகளையே ஊற்றச் சொல்லுங்கள். அதைக் கொலுவுக்கு வைக்காமல் வீட்டிலேயே தேய்த்துத் தீர்த்துவிடுங்கள். ஒன்று எத்தனை நாள் வருகிறது என்று அவளே நாள்காட்டியில் குறித்து வந்தால், நவராத்திரிக்கு எத்தனை கிராம் அச்சு வாங்குவது என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.